மேல்தட்டு மீன் வாங்கிய விவரம்

மரியாதைக்குரிய மைத்துனர், அச்சகத்தில் பிழை திருத்துவதில் பெயர் வாங்கியவர் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்தால் உங்களுக்கு அத்தான் ஆனவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் அக்கா படுத்தபடி நலம். மீன்கள் நனைந்தபடி நலம். உங்கள் வீட்டிலும் அவரவர் நிலையில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் படிக்கவும்.

உங்கள் அக்கா பணிமனையில் பேருந்துப் படியிலிருந்து வழுக்கி விழுந்ததும், முதுகெலும்பில் விரிசல் என்று டாக்டர் சொன்னதும், பலகை மேல் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீங்கள் வந்து பார்த்தபோது அவள் ஏதோ தம்பிக்காகச் சிரித்து வைத்தாள். நீங்கள் படியிறங்கிப் போனதும் வாயை மூடியவள்தான். எப்பேர்ப்பட்ட நடத்துநர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசிலே தேவையில்லை, "உள்ள போங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் படியில் தொங்குகிறவன் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே போவான். அந்தக் குரலுக்கு வீட்டில் நானும் வயிற்றை எக்கிப் பழகியவன். அப்படிப்பட்டவள், தண்ணீர் வேண்டுமா என்றால் "ம்" என்றாள். வேண்டாமா என்றாலும் "ம்" என்றாள். ஒரு நாள் வேண்டுமென்றே சமையலில் உப்பே போடாமல் ஊட்டிப் பார்த்தேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு "ம்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. அவள் எழுந்து நடப்பது நடக்கும்போது நடக்கட்டும், என்னை வாய்நிறைய ஒரு வார்த்தை திட்டினால் போதும், என் உயிர் திரும்பிவிடும் என்று இருந்தது.

இந்த நிலைமையில்தான் அக்காவுக்குப் பேச்சுத்துணை என்று சொல்லி நீங்கள் மீன் தொட்டியை அனுப்பி வைத்தீர்கள். பேசாதவளுக்குப் பேசாத துணை. பரவாயில்லை, மனசு பெரிது. தொட்டி சிறியதானாலும் அழகு. கூடவே பையில் வந்த மீன்களும் அழகு. தரையில் மீசையோடு கூழாங்கல்லை முகர்ந்துகொண்டு திரியும் மூன்று, நடுவில் நீலக்கோடு பளபளக்கக் கூட்டமாகப் போகும் குட்டிகள் ஒரு கைப்பிடி. தொட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்து மேஜை மேல் வைத்துத் தண்ணீர் விட்டு, மீன்களையும் விட்டு, விளக்கும் போட்டேன். பிறகுதான் உங்கள் அக்காவின் கண் இருக்கும் உயரத்துக்கு மண்டியிட்டுப் பார்த்தேன். பலகைக் கட்டில் தாழ்வு, மேஜை உயரம். முதலில் மேஜையின் விளிம்பு தெரிந்தது. அதற்கு மேலே தொட்டியின் மரச்சட்டம் தெரிந்தது. அதற்கும் மேலே ஒரு சாண் வெறும் தண்ணீர் தெரிந்தது. ஒரு மீன்கூட அந்த ஒரு சாணுக்கு வரவில்லை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் கீழ்த்தளத்திலேயே நின்றுகொண்டு மேல்மாடியைக் காலியாக விட்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவளுக்கோ அந்த மேல்மாடி மட்டும்தான் தெரியும்.

உடனே உங்களுக்குத் தொலைபேசினேன். நீங்கள் வேலை செய்வது அச்சகத்தில் என்பதால் தொலைபேசியிலும் ஒற்றுப்பிழை இல்லாமல்தான் பேசுவீர்கள். "மேல்தட்டு மீன்களாகப் பார்த்து வாங்குங்கள் அத்தான். சிறிய சமூகத் தொட்டி என்று மறக்காமல் சொல்லுங்கள்" என்றீர்கள். நானும் மறக்காமல் சொன்னேன். மச்சான், மேல்தட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான். நான் எண்ணெய் போட்ட கட்டிடங்களில் மேல்தட்டு மனிதர்கள் இருந்தார்கள். நாய்க்குத் தனி ஆள், செடிக்குத் தனி ஆள் வைத்திருந்தார்கள். லிஃப்டுக்குள் என்னைப் பார்த்தால் அடுத்த தடவை வருகிறோம் என்று வெளியிலேயே நிற்பார்கள். மீனிலும் அப்படி இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு, முழுக்கக் கண்ணாடியால் கட்டிய ஒரு பெரிய கடைக்குப் போய், நல்ல மேல்தட்டு மீனாக ஒன்று வேண்டும், தோற்றத்திலேயே அந்தஸ்து தெரிய வேண்டும் என்றேன். டை கட்டிய விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு மீனைக் காட்டினார். உள்ளங்கை அளவு, ரோஜா நிறம், நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு. ஃபிளவர்ஹார்ன் என்று பெயராம். அதுவும் என்னை மேலும் கீழும் பார்த்தது. சந்தேகமே இல்லை, இதுதான் மேல்தட்டு என்று முடிவு செய்தேன். விலையைப் பற்றி உங்கள் அக்காவிடம் வாயைத் திறக்க வேண்டாம்.

அந்த மீன் தொட்டிக்குள் இறங்கியதும் முதல் வேலையாக நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மேல்தட்டு என்று காசு கொடுத்து வாங்கியது அடித்தட்டைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. கூழாங்கல்லை வாயால் அள்ளி அள்ளி ஒரு மூலையில் குவித்துத் தனக்கென்று மாளிகை கட்ட மனை போட்டது. மீசைக்காரர்கள் மூன்று பேரும் வடிகட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்கள். நான் தொட்டியைத் தட்டித் தட்டி, மேலே போ, மேலே போ என்று கெஞ்சினேன். மதியம் எண்ணிப் பார்த்தால் நடுத்தட்டில் இரண்டு பேரைக் காணவில்லை. சாயங்காலமே அதைப் பிடித்து, எனக்குப் பல் கட்டிய டாக்டரின் வரவேற்பறைத் தொட்டிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே வருகிறவர்கள் வாயைத் திறக்கப் பயப்படுவதால் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் உங்கள் அக்காவிடம் சொன்னேன். தரையில் பாய் போட்டு அவள் கட்டிலை ஒட்டி உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி "ம்" என்றாள். ஆனால் நடுத்தட்டில் இருவர் காணாமல் போன இடத்தில் உதடு லேசாகக் கோணியதுபோல எனக்குப் பட்டது.

அந்தக் கோணல் உதடுதான் என்னை மறுநாள் மறுபடி மீன் வாங்கக் கிளப்பியது. இந்தத் தடவை பணிமனைக்குப் பின்தெருவில், சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே சந்து மாதிரி இருக்கும் கடைக்குப் போனேன். கடை நடத்துவது ஓர் அம்மா. அவருக்கு மீன் விற்பதில் கொஞ்சமும் விருப்பம் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைப் பெண் கேட்டு வந்தவர்களைப்போல விசாரிக்கிறார். தொட்டி எவ்வளவு பெரிசு, வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், முன்னால் இருந்த மீனுக்கு என்ன ஆயிற்று. நான் ஃபிளவர்ஹார்ன் கதையைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். மேல்தட்டு என்று என் மைத்துனர் சொன்னார் என்று உங்கள் பேரைத்தான் போட்டுக்கொடுத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேல்தட்டுன்னா வசதிபடைச்ச மீன் இல்ல சார். தண்ணிக்கு மேல்பக்கத்துல வாழற மீன். தண்ணிக்குள்ள ஏழை பணக்காரன் எங்க இருக்கு?"

சமூகத் தொட்டி என்றும் சொன்னாரே என்றேன். வேறு வேறு வகை மீன் ஒன்றையொன்று கடிக்காமல் சேர்ந்து இருக்கிற தொட்டிக்கு அப்படிப் பெயர் என்றார். கம்யூனிட்டி டேங்க். அப்படி ஒரு சமூகத்தை நான் மனிதர்களில் இன்னும் பார்க்கவில்லை, பார்த்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அதற்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு பிகு கொஞ்சம் தளர்ந்தது.

மேல்மீனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், பழி தீர்க்க அல்ல, உங்கள் அறிவு வளர்ச்சிக்காக. வாய் மேலே பார்த்திருக்க வேண்டும். முதுகு அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்க வேண்டும். மேலே வந்து விழுகிற பூச்சியைத் தின்று வாழ்கிறது, அதனால் எந்நேரமும் முகம் மேலேதான். அதைக் கேட்ட பிறகு நான் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து வாயை வாயைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். இறக்கை விரித்த இலை மாதிரி ஒன்று நீர்மட்டத்திலேயே மிதந்தது. அதைக் கேட்டதற்கு, மூக்குக்கு முன்னால் எது வந்தாலும் முழுங்கிவிடும், உங்கள் வீட்டு நீலக்கோடுகளுக்கு எமன் என்றார். பிறகு வரிவரியாகக் கோடு போட்ட துறுதுறுப்பான ஒரு கூட்டத்தைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வந்தேன். மேலேதான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கணம் மேலே, மறு கணம் கீழே, அதற்குள் நடுவில். பொத்தான் சிக்கிக்கொண்ட லிஃப்டுதான் இப்படி எல்லா மாடிக்கும் ஓடும். மனசாட்சிப்படி அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா என்னை நிறுத்தி, யார் பார்ப்பதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டார்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு போடாத கதையையும் சொன்னேன். சொல்லும்போது குரல் என்னை ஏமாற்றிவிட்டது, அந்த வெட்கக்கேட்டை எழுதாமல் விட மனமில்லை. அவர் கடையின் கடைசிக்குப் போய், கறுப்புத் துணி போட்டு மூடியிருந்த ஒரு தொட்டியைத் திறந்தார். கட்டைவிரல் அளவு மீன்கள். முதுகு நேர்கோடு. வயிறு மட்டும் கோடாலி அலகு மாதிரி கீழே வளைந்து இறங்கியிருந்தது. பளிங்கில் மை சிந்திய மாதிரி உடம்பெல்லாம் கோலம். எல்லாம் நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றன. ஹேட்செட் என்றார். நான் அங்கேயே கோடாலி என்று பெயர் வைத்துவிட்டேன். விற்பதற்கு வைத்ததில்லையாம், தானே வைத்துப் பார்க்க வளர்த்ததாம். கூட்டமாகத்தான் வாழும், பிரித்தால் பயந்து செத்துப்போகும் என்று மொத்தத்தையும் பையில் பிடித்துக் கொடுத்தார். காசை வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சார். மூடியைத் திறந்து போட்டுடாதீங்க. இது பறக்கும்" என்றார். மீன் பறக்குமா, ஏதோ செல்லம் கொஞ்சிச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மச்சான், அது பறக்கும்.

பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பொறுமையாக இருந்து, மெதுவாகத் திறந்துவிட்டேன். கோடாலிகள் வரிசையாக மேலே ஏறி அந்த ஒரு சாண் தண்ணீரில் போய் நின்றன. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு மூடியைக் கழற்றி, நன்றாகத் தெரியட்டும் என்று துணியால் துடைக்க ஆரம்பித்தேன். சமையலறையில் நான் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரம் ஒன்று சரிந்து விழுந்து சத்தம் கேட்டது. ஒரு கோடாலி தண்ணீரைவிட்டு எழுந்தது. துள்ளல் இல்லை. மார்புத் துடுப்பு இரண்டையும் அடித்துக்கொண்டு, என் மூக்குக்கு முன்னால் விர்ரென்று காற்றில் போய், உங்கள் அக்காவின் போர்வை மேல் நெஞ்சுக்கு நேராக இறங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துணியை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அவள்தான் இரண்டு கையையும் குவித்து அந்த மீனை அள்ளினாள். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"இங்க ஸ்டாப்பிங் கிடையாது" என்றாள், மீனிடம்.

பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, புடிச்சு உள்ள விடுங்க. மூடியைத் திறந்து போட்டுட்டு என்ன வேடிக்கை?" என்றாள்.

அதே குரல். பேருந்தின் கடைசி இருக்கை வரை போகும் அதே குரல். நான் மீனை வாங்கி உள்ளே விட்டேன். மூடியைப் போட்டேன். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறீர்கள், மீனுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் முதுகு வலித்தது, வலித்ததற்கும் என்னைத்தான் திட்டினாள். கேட்கக் கேட்க இனித்தது. மறுநாள் தீனி போட்டபோது மீன்கள் எல்லாம் ஒரே மூலையில் நெருக்கியடித்தன. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குல்ல" என்று படுத்தபடியே அதட்டினாள். அவை போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம், இங்கே வந்து படுத்துப் பாருங்கள் என்று கூப்பிட்டாள். தரையில் பாயைப் போட்டு, கட்டிலை ஒட்டிப் படுத்து, அண்ணாந்து பார்த்தேன். மீனை மேலிருந்து பார்த்திருக்கிறேன், பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இப்படிப் படுத்துக் கீழிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. தண்ணீருக்குக் கூரை உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வெள்ளித் தகடு போட்ட கூரை, மெல்ல மெல்ல அசைகிற கூரை. ஒவ்வொரு கோடாலியின் முதுகின் மேலும் இன்னொரு கோடாலி தலைகீழாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு துளி தீனி விழுந்தால் கூரை முழுக்க வளையம் வளையமாக விரிந்தது, அசல் மீனும் அதன் ஜோடியும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து நடுவில் சந்தித்தன. மேலே ஓர் ஆளை நிறுத்த வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று அறிந்தவன் நான். வடம் வேண்டும், தண்டவாளம் வேண்டும், எதிர் எடை வேண்டும், வருஷா வருஷம் சோதனைச் சான்றிதழ் வேண்டும். இது ஒன்றும் இல்லாமல் கட்டைவிரல் அளவு உயிர் மேல்மாடியில் நிற்கிறது, நினைத்தால் கூரையை உடைத்துக்கொண்டு பறக்கிறது, உடைந்த கூரை மறு நொடியே மூடிக்கொள்கிறது. நான் வாய் பிளந்து கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உங்கள் அக்கா தலையைத் திருப்பி, "வேற ஒண்ணும் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். வேறென்ன தெரிய வேண்டும், இதுவே ஜன்மத்துக்குப் போதும் என்றேன். "ம்" என்றாள். இது பழைய "ம்" இல்லை, வேறு ரகம்.

ஆகவே மச்சான், நான் சொல்ல வந்தது இதுதான். மேல்தட்டு மீன் இல்லாவிட்டால் உங்கள் அக்கா இன்றைக்கும் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வாய்மூடிக் கிடந்திருப்பாள். சரியான மீனை அலைந்து திரிந்து தேர்ந்தெடுத்து அவள் குரலை மீட்டவன் நான் என்று பெருமையடித்துக்கொள்ளவில்லை, விஷயத்தைத்தான் சொல்கிறேன். இப்போது புதிதாக ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலை உயர்ந்தால் கண் உயரும். கண் உயர்ந்தால் அந்த வெள்ளிக் கூரை மறைந்துவிடும், எல்லா வீட்டிலும் தெரிகிற சாதாரணத் தொட்டியாகிவிடும். மறுபடி வாயை மூடிக்கொண்டால் நான் எங்கே போவேன்? அதனால் அவள் உயர உயரத் தொட்டியையும் அதே அளவு உயர்த்துவதாக முடிவு செய்திருக்கிறேன். உத்தரத்தில் கொக்கி ஏற்கெனவே இருக்கிறது. தொட்டிக்கு அடியில் கோண இரும்பில் சட்டம் அடித்துவிட்டேன். உங்கள் அச்சகத்தில் பெரிய இயந்திரத்தை இறக்கப் பயன்படுத்தும் சங்கிலிக் கப்பி ஒன்று மூலையில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வந்து சேரவும். உங்கள் அக்காவிடம் இதைப்பற்றி மூச்சு விட வேண்டாம், பார்த்து அசந்து போகட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு என் ஆசியும், உங்களுக்கு வயதுப்படி எது பொருந்துமோ அதுவும். எல்லோரும் மேல்தட்டு மீனைப்போல முகம் மேலே பார்த்தபடி வாழ்க என்று வாழ்த்தி முடிக்கிறேன். இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. உறையை ஒட்டுவதற்கு உன் அத்தான் கோந்து தேடப் போனார், கடிதத்தை என் நெஞ்சு மேலேயே வைத்துவிட்டுப் போனார். மல்லாந்து எழுதினால் பேனாவில் மை இறங்கவில்லை, அதனால் பென்சில். அந்தச் சங்கிலியை மட்டும் நீ கொண்டு வந்தால் உனக்கு இந்த வீட்டில் இறங்க இடமில்லை.

நீ தொட்டி அனுப்பிய முதல் நாளிலிருந்தே எனக்கு எல்லா மீனும் தெரியும். அவர் சொல்கிற அந்த வெள்ளிக் கூரை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. என் தலையணையிலிருந்து பார்த்தால் தொட்டி முழுக்க அதில் தெரிகிறது, தலைகீழாக. உன் மீசைக்காரர்கள் மூன்று பேரும் நாளெல்லாம் கூரையில்தான் கூழாங்கல்லை முகர்ந்துகொண்டு திரிகிறார்கள். அந்தப் புடைப்புத் தலையன் மாளிகை கட்டியதையும், நீலக்கோடு இரண்டை முழுங்கியதையும் அவருக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். தலைகீழாகப் பார்த்தால் அடித்தட்டுதான் மேல்தட்டு. மேல்மீன் ஒன்றுகூட எனக்குத் தேவைப்படவில்லை. பாயில் படுத்தவருக்குக் கோடாலி மட்டும்தான் தெரிந்தது, ஒரு முழம் நகர்ந்து என் தலையணையில் தலை வைத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அவருக்குத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் மீன் வாங்கப் போக மாட்டார். போகாவிட்டால் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கடையில் நடந்ததைச் சொல்ல மாட்டார். எனக்குப் பேச வேண்டும்போல இல்லை தம்பி, அது உண்மை. ஆனால் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும்போல இருந்தது. என்னிடம் அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வா. அன்றைக்கு அவரைத் தலையணைப் பக்கம் நகர்த்திப் படுக்க வைக்கப்போகிறேன். நீயும் வந்து படுத்துப் பார். உள்ளே இடம் இருக்கிறது.